துணைப் பயிற்றுநரை அளக்கும் கோல்

முந்தற் கடலோரத்திலே கரைவலை இழுப்போர் இரு கூறாகப் பிரிந்து, வலையின் இரு கயிறுகளையும் கரைக்கு இழுப்பர். மடியில் விழுந்த மீனின் தொகையைக் கொண்டு ஒரு கயிற்றினரின் திறமையை அளத்தல் முறையாகாது. மீன் கடல் தருவது. அவர் கயிறு தளர்ந்ததா, மறு கயிற்றோடு ஒத்து வந்ததா என்பதே கேள்வி. கடற்றொழிலில் எளிதில் விளங்கும் இவ்வுண்மை கல்லூரி உதைபந்தாட்டத்திலே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. அணி வென்றாற் புகழ் தலைமைப் பயிற்றுநருக்கு. தோற்றாற் பழி துணைவருக்கு.

துணைவரை அளக்க மூன்று கோல்கள் வழக்கிலுள. ஒன்று, அணியின் வெற்றி. மற்றொன்று, அவர் தம் இளமையில் ஆடிய ஆட்டத்தின் புகழ். பிறிதொன்று, அவர் பின்னர்த் தலைமைப் பதவி எய்தியமை. வெற்றி பலர் முயற்சியின் கூட்டு விளைவு. அதில் ஒருவர் பங்கைப் பிரித்தெடுத்தல் அரிது. தாம் நன்கு ஆடுதல் வேறு. பிறரை ஆடச் செய்தல் வேறு.

மூன்றாவது கோலின் குறையை இங்கிலாந்தின் வரலாறு காட்டும். லிவர்ப்பூல் கழகத்திலே பில் ஷாங்கிலிக்குத் துணைநின்ற பொப் பெயிஸ்லி, 1974இல் தலைமையேற்றுப் பின்னர் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களை வென்றார். இவரை மட்டும் நோக்குவோர், நல்ல துணைவர் நல்ல தலைவராவார் என முடிவு செய்வர். ஆனால், பிறையன் கிளஃபின் துணைவரான பீற்றர் ரெயிலரையும் நோக்குதல் வேண்டும். கிளஃப் பெற்ற முதற்பிரிவுப் பட்டங்கள் இரண்டும் (1972, 1978), ஐரோப்பியக் கிண்ணங்கள் இரண்டும் (1979, 1980) ரெயிலர் உடனிருந்த காலத்தனவே. அவரின்றி 1974இல் லீட்ஸ் கழகத்துக்குச் சென்ற கிளஃப் 44 நாட்களில் விலக்கப்பட்டார். அதே காலத்தில் பிறைற்றன் கழகத்தைத் தனித்து நடத்திய ரெயிலரும் அதனை மேற்பிரிவுக்கு உயர்த்தினாரல்லர். பதவியைக் கோலாகக் கொள்ளின் ரெயிலர் தோற்றவர். துணைப்பணியைக் கொள்ளின் அவரை ஒப்பார் சிலரே.

அமெரிக்கக் கல்லூரிகளிலே ஆடப்படும் வேறுவகைப் பந்தாட்டத்தில், 1996 முதல் சிறந்த துணைப் பயிற்றுநருக்குப் புறோயில்ஸ் விருது ஆண்டுதோறும் வழங்கப்படுகின்றது. அங்கே தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர் எனப் பொறுப்புப் பிரிக்கப்பட்டிருத்தலின், ஒவ்வொருவர் பணியும் ஓரளவு தனித்துத் தோன்றும். பந்து பொறுக்குவது முதல் பேருந்து ஒழுங்கு செய்வது வரை அனைத்தையும் துணைவர் தலையிற் சுமத்தும் கல்லூரி, பின்னர் எதைக் கொண்டு அவரை அளக்கும்? வினையை ஆராய்ந்து ஒப்படைத்தற்கென்றே வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ எனத் தனியதிகாரம் வகுத்தார். ஒப்படைத்தல் முன்னது, அளத்தல் பின்னது.

பொறுப்புத் தெளிவானபின் கேட்கத்தக்க கேள்விகள் சில. உயர்ந்து வரும் பந்துக்கு முன்வர அஞ்சிய கோல்காப்பாளன் பருவ முடிவில் அஞ்சாது வருகின்றானா? இடக்கால் பழகாதவன் அதனாற் பந்தைச் செலுத்துகின்றானா? பதினொருவருள் இடம் பெறாதவனும் முன்னேறினானா? தலைமைப் பயிற்றுநரின் பிழையைத் தனியிடத்தில் எடுத்துரைத்த துணைவர், மைதானத்தில் அவர் முடிவுக்கு உடன்பட்டு நின்றாரா? இவற்றுக்கு விடை, பருவத்தின் முதல்வாரத்தும் இறுதிவாரத்தும் மாணவரைக் கண்டவர்க்கே கிட்டும். கோற்கணக்கை மட்டும் கண்டவர்க்குக் கிட்டாது.

ஒரு தோல்வியின் மறுநாளே துணைவரை மாற்றும் கல்லூரி, ஒருவரை மட்டும் இழப்பதில்லை. அவரிடம் பாதி கற்று நின்ற மாணவரையும் கைவிடுகின்றது. கோல் பிழைத்தால், அளக்கப்பட்டவரோடு கற்பவரும் கெடுவர்.