65-ல் நோயாளி, 60-ல் குணம்

2021-ல் கோவிட் வந்து போன பிறகு நாலு மாதம், இரண்டு மாடி ஏறினால் உட்கார வேண்டியிருந்தது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். "மனசைத் தளர விடாதீங்க சார், தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க" என்றார் டாக்டர். கூட்டினேன். ஒரு நாள் நடந்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. இந்த அறிவுரை எங்கிருந்து வருதுன்னு தேடப் போய்த்தான் பிரிட்டனின் 'பேஸ்' ஆய்வில் வந்து நின்றேன்.

கோவிடுக்கு முந்தைய ஆய்வு. நாட்பட்ட களைப்பு நோய் உள்ள 641 பேர். இந்த நோய் பலருக்கு ஒரு வைரஸ் காய்ச்சலில்தான் தொடங்கும். வைரஸ் போய்விட்டது, மிச்சம் இருப்பது பயமும் பழக்கம் விட்டுப்போன உடம்பும்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும், எண்ணங்களை மாற்றும் பேச்சு சிகிச்சையும் பலன் தருவதாக 2011-ல் லான்செட்டில் எழுதினார்கள். இந்த இரண்டில் எதைப் பெற்றாலும் 22 சதவீதம் பேர் 'குணமடைந்தனர்' என்றது 2013 கட்டுரை.

இங்கேதான் பக். உடல் திறனுக்கு 100 மதிப்பெண் கேள்வித்தாள். 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் நோயாளியாகச் சேர முடியும். குணமடைய முதலில் வைத்திருந்த எல்லை 85. பிறகு அதை 60 ஆக்கிவிட்டார்கள்! 65-ல் சேர்ந்து, மோசமாகி 60-க்கு வந்தவரும் இந்த ஒரு அளவில் பாஸ். குணமடைந்தவர் என்று எண்ண வேறு நிபந்தனைகளும் இருந்தன, உண்மைதான். ஆனாலும் இப்படி இரண்டு கண்டிஷன் எழுதினால் எங்க டீமில் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புவோம்.

60 எப்படி வந்தது? பொதுமக்களின் சராசரி 84, அதில் திட்ட விலக்கம் 24-ஐக் கழித்தார்கள். அந்தப் பொதுமக்களில் முதியவர்களும் நோயாளிகளும் அடக்கம். ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் 90-க்கு மேலே குவிந்திருக்கும் அளவுகோலில் இந்தக் கழித்தல் கணக்கே செல்லாது.

நம்ம ஆர்டிஐ மாதிரி அங்குள்ள தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு நோயாளி தரவைக் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. 2016-ல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. பழைய எல்லைகளை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டால் 22 என்பது உடற்பயிற்சியில் 4, பேச்சு சிகிச்சையில் 7. 2021 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், அந்த உடற்பயிற்சி முறையைப் பரிந்துரைக்கக் கூடாது என்றது.

மனசுக்கு இதில் பங்கே இல்லைன்னு நான் சொல்ல வரலை. நாலு மாதம் படுத்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். எது முதலில் என்பதுதான் கேள்வி. அதற்கு ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் 253 பேரைக் காய்ச்சல் வந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்து, 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கலாம். ஆறு மாதம் கழித்தும் சுமார் 11 சதவீதம் பேருக்கு இந்தக் களைப்பு இருந்தது. யாருக்கு அது நீடிக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது மனநிலை இல்லை, முதல் காய்ச்சலின் கடுமை.