திரைப்படத்திற் பேயும் அச்சச் சுவையும்

பேய்க்கதை வழங்காத நாடு உலகில் இல்லை. ஆயினும் அதனைக் கலையென மதித்துப் போற்றுவோர் எந்நாட்டிலும் சிலரே. திரைப்படக் கலையை ஆராய்ந்தோருட் பலரும் பேய்ப்படங்களை ஒதுக்கியே வந்தனர். இருளில் எழும் அலறல், தானே திறக்கும் கதவு, குருதி தோய்ந்த முகம் ஆகிய இவையே அவற்றின் உள்ளுறை என்பது அன்னோர் கருத்து. அத்தகைய படங்கள் மிகப் பல என்பதை மறுத்தற்கில்லை. எனினும் ஒரு வகையின் இழிந்த படைப்புக்களைக் கொண்டு அவ்வகை முழுவதையும் அளத்தல் முறையன்று. கற்றோர் கண்டு பயன்கொள்ளத்தக்க பேய்ப்படங்களும் உள. அவை யாவை, அவற்றின் சிறப்பு எங்கே தங்கியிருக்கின்றது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சம் எவற்றை நிலைக்களனாகக் கொண்டு தோன்றும் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அதற்குக் களன் நான்கு என்பர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. பேயும் பூதமும் அணங்கினுள் அடங்கும். இறை என்பது அரசன், தந்தை, ஆசிரியன் முதலாக நம்மைக் கேள்வி கேட்கும் உரிமையுடையோரைக் குறிக்கும் என்பது உரையாளர் கொள்கை. இந்நான்கினுள் முதல் மூன்றுக்கும் இறுதியானதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அணங்கும் விலங்கும் கள்வரும் குற்றமற்றவனையும் நடுங்கச் செய்வர். இறைக்கு அஞ்சுவோனோ தன் பிழையை அறிந்தே அஞ்சுகின்றான். முன்னைய அச்சம் புறத்திருந்து வருவது. பின்னையது நெஞ்சினுள்ளே பிறப்பது.

சிறந்த பேய்ப்படங்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அவற்றிலே அணங்கு பற்றிய அச்சமும் இறை பற்றிய அச்சமும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்து நிற்கின்றன. மனைவி, தாய், மகவு என உயிரோடிருந்தபோது எளியராய் நம்மைச் சார்ந்திருந்தோர், இறந்தபின் நம்மைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்று இறையின் நிலையை எய்துகின்றனர். செய்யத் தவறிய கடமையே பேயுருக் கொண்டு வாயிலில் வந்து நிற்கின்றது. இவ்வாறு அமையாத படம் ஒரு நாழிகை நடுங்க வைத்து மறுநாள் மறக்கப்படும்.

கிரேக்கப் பேரறிஞராகிய அரிஸ்டோட்டில் தம் கவிதையியலில் ஏறக்குறைய இதனையே வேறு வகையாற் கூறினார். அச்சமும் இரக்கமும் காட்சியமைப்பினாலும் உண்டாகலாம். ஆனால் கதையமைப்பிலிருந்து அவை பிறத்தலே மேலானது. கண்ணாற் காணாது காதாற் கேட்பவனும் நடுங்குமாறு கதை அமைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்வளவுகோலைக் கொண்டு சில படங்களை நோக்குவோம்.

முதலிற் குறிப்பிடத்தக்கது யப்பானிய நெறியாளர் மிசோகுச்சி கெஞ்சி 1953 இல் ஆக்கிய ‘உகெத்சு மொனொகத்தாரி’ என்னும் படம். அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கப் பரிசினைப் பெற்றது இது. 1776 இல் வெளிவந்த உயேடா அகினாரியின் கதைத் தொகுதியிலிருந்து எடுத்த இரு கதைகளைத் தழுவியது. பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலமே கதை நிகழும் காலம். கெஞ்சுரோ என்னும் குயவன், போரினால் மட்கலங்களின் விலை ஏறக்கண்டு பொருளாசை கொள்கின்றான். மனைவி மியாகியையும் சிறு மகனையும் ஏரிக்கரையில் விட்டுவிட்டு நகரம் செல்கின்றான். அங்கே வகாசா என்னும் பெருமாட்டியின் அழகில் மயங்கி, அவள் மாளிகையிலேயே தங்கி விடுகின்றான். அவள் உயிருடையவள் அல்லள். குடியோடு அழிந்து, காதலின்பம் அறியாது இறந்தவளின் ஆவி.

வகாசாவின் காட்சிகள் அழகும் அச்சமும் ஒருங்கே உடையன. எனினும் படத்தின் உயிர்நிலை அங்கில்லை. குயவன் வீடு திரும்பும் காட்சியிலேயே உள்ளது. இருண்டு பாழடைந்த வீட்டினுள் நுழைந்து மனைவியை அழைக்கின்றான். மறுமொழி இல்லை. பின்புறத்தாற் போய் வீட்டைச் சுற்றி வருகின்றான். ஒளிப்பதிவாளர் மியாகாவா கசுவோவின் கருவி உள்ளேயே நின்று, வெறுமையான அறையைக் கடந்து மெல்லத் திரும்புகின்றது. இடையில் எவ்வித வெட்டும் இல்லை. சற்றுமுன் வெறுமையாய்க் கிடந்த அடுப்பங்கரையிலே தீ எரிகின்றது. மியாகி அமர்ந்து சமைத்துக்கொண்டிருக்கின்றாள். அவன் தன் பிழையைச் சொல்லத் தொடங்குகின்றான். அவள் அதனைக் கேட்க விரும்பவில்லை. திரும்பி வந்ததே போதும் என்னும் நிறைவோடு உணவிடுகின்றாள். அவன் மகனருகே உறங்க, அவள் விடியுமட்டும் விழித்திருந்து அவன் உடையைத் தைக்கின்றாள். காலையில் ஊர்த்தலைவர் வந்து கூறிய பின்னரே, அவள் போர்வீரர் கையில் முன்னரே மாண்டாள் என்பதை அவன் அறிகின்றான்.

இங்கே அலறலில்லை, விகார உருவமில்லை. பேயைப் பேயென்று அறியாமலே கணவன் உணவுண்டு உறங்கிவிட்டான். அச்சம் பேய் போன பின்னரே வருகின்றது. வரும்போதே இரக்கத்தோடு கலந்து வருகின்றது. மியாகி பழிவாங்கியிருந்தாற் கடன் தீர்ந்திருக்கும். அவள் மன்னித்துவிட்டாள், ஆதலாற் கடன் என்றும் தீராததாயிற்று.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது கொபயாஷி மசாகியின் ‘குவைதான்’. 1965 இற் கான் திரைப்பட விழாவிற் சிறப்பு நடுவர் பரிசு பெற்ற இப்படம், கிரேக்கத் தீவொன்றிற் பிறந்து யப்பானிற் குடியேறி 1904 இல் மறைந்த லாப்காடியோ ஹேர்ண் எழுதிய கதைகளுள் நான்கைக் கொண்டது. அவற்றுள் முதலாவதாகிய ‘கருங்கூந்தல்’ ஏறக்குறைய மியாகியின் கதையே. வறிய வீரன் ஒருவன், நெசவு செய்து தன்னைக் காத்த மனைவியைத் துறந்து செல்வக்குடியில் மணம் முடிக்கின்றான். ஆண்டு பல கழித்து மனம் வருந்தித் திரும்புகின்றான். அவள் சற்றும் மாறாதவளாய் வரவேற்கின்றாள். விடியலில் அவனருகே கிடப்பது எலும்பும் கருங்கூந்தலுமே. அவன் கணத்தில் மூப்பெய்தி ஓட, கூந்தல் அவனைத் தொடர்கின்றது. இசையமைப்பாளர் தகெமித்சு தோரு இங்கே இயல்பான ஓசைகளை நீக்கி, மரம் பிளக்கும் ஒலியைக் காட்சியோடு பொருந்தாதவாறு இடையிடையே பெய்துள்ளார். காண்பதும் கேட்பதும் இயையாமையால் உலகமே நிலைகுலைந்தது போன்ற உணர்வு எழுகின்றது.

ஒரே கதை இருவர் கையில் இரண்டாயிற்று. கொபயாஷியின் பேய் தண்டனை தருகின்றது. மிசோகுச்சியின் பேய் மன்னிப்பு வழங்குகின்றது. தண்டனையைக் கண்டோர் நடுங்கி, நீதி நிறைவேறியதென அமைதி கொள்வர். மன்னிப்பைக் கண்டோர்க்கு அவ்வமைதி இல்லை. ஆதலின் வண்ணமும் ஓவியத் திறனும் ‘குவைதானிலே’ மிக்கிருப்பினும், ‘உகெத்சு’வே மேற்பட்டது எனல் தகும்.

‘குவைதானின்’ மூன்றாங் கதை மேற்கூறிய விதிக்கு அடங்காதது. குருட்டுப் பாணனாகிய ஹோயிச்சி யார்க்கும் தீங்கு செய்தவன் அல்லன். 1185 இல் தன்னோ-உரா கடற்போரில் மாண்ட ஹேய்க்கே குலத்தாரின் ஆவிகள், தம் வீழ்ச்சியைப் பாடக் கேட்குமாறு அவனை அழைக்கின்றன. அவனைக் காக்கக் கருதிய துறவியர் மெய்ம்முழுதும் மந்திரம் எழுதிச் செவிகளில் எழுத மறந்தனர். ஆவி செவிகளைப் பறித்துச் செல்கின்றது. இங்கே கடன்பட்டவன் பாணன் அல்லன். இறந்தோரை மறந்து வாழும் உலகமே. தம் கதையைச் சொல்வார் வேண்டி இறந்தோர் ஏங்குவதைக் காணும்போது அச்சம் அருளாக மாறுகின்றது.

இனி ஆங்கிலப் படங்களை நோக்குவோம். ரொபேட் வைஸ் 1963 இல் நெறிப்படுத்திய ‘த ஹோண்டிங்’ ஷேர்லி ஜாக்சன் 1959 இல் எழுதிய நாவலைத் தழுவியது. பேய் குடிகொண்ட மாளிகையை ஆராயச் செல்லும் நால்வருள் எலினோர் என்னும் பெண்ணே கதைத்தலைவி. படம் முழுவதிலும் பேயுருவம் ஒன்றேனும் காட்டப்படவில்லை. சுவரிலே தட்டும் ஓசை கேட்கின்றது. மூடிய கதவு மூச்சுவிடுவதுபோற் புடைக்கின்றது. ஓரிரவு இருளிலே தோழியின் கையைப் பற்றிக் கிடந்ததாக எண்ணிய எலினோர், விளக்கேற்றியபோது தோழி தொலைவிற் கிடப்பதைக் காண்கின்றாள். தான் பற்றியிருந்தது யார் கை என்னும் வினாவுக்கு விடையில்லை.

பலர் இப்படத்தைக் காட்டாமையின் திறத்துக்காகவே புகழ்வர். அப்புகழ் தக்கதே, ஆயினும் முழுமையன்று. தட்டும் ஓசை ஏன் எலினோரை மற்றெவரினும் மிகுதியாக வாட்டுகின்றது? நோயுற்ற தாய்க்குப் பல்லாண்டு பணிவிடை செய்தவள் அவள். தாய் இறந்த இரவில், அவள் சுவரைத் தட்டி அழைத்தும் எலினோர் எழுந்து செல்லவில்லை. மாளிகையின் பழங்கதையிலும் முதியவள் ஒருத்தி கைத்தடியாற் சுவரைத் தட்டி, உதவுவார் வராது இறக்கின்றாள். ஆகவே சுவரிற் கேட்பது வெற்றோசை அன்று, செவிசாய்க்கப்படாத அழைப்பு. காரணம் இதுவாதலாலேயே உருவம் வேண்டாதாயிற்று.

ஜக் கிளேற்றன் 1961 இல் ஆக்கிய ‘த இன்னொசன்ற்ஸ்’ ஹென்றி ஜேம்ஸ் 1898 இல் வெளியிட்ட குறுநாவலை, அதன் நாடக வடிவின் வழியாகத் தழுவியது. பெற்றோரை இழந்த இரு குழந்தைகளுக்கு ஆசிரியையாகக் கிட்டென்ஸ் செல்வி செல்கின்றாள். குழந்தைகளின் சிறிய தந்தை தமக்கு எவ்விதத் தொல்லையும் தரலாகாதென முதலிலேயே கூறிப் பொறுப்பை முற்றும் அவள்மேற் சுமத்திவிடுகின்றார். மாண்டுபோன பணியாளனும் முன்னைய ஆசிரியையும் குழந்தைகளைப் பற்றியுள்ளனர் என அவள் நம்புகின்றாள். நாணற்புதரின் நடுவே பட்டப்பகலில் அசையாது நிற்கும் கரிய உடைப் பெண்ணுருவம் மறக்கவொண்ணாதது. ஆவிகள் உண்மையா, அவள் மனமயக்கமா என்பதைப் படம் இறுதிவரை தீர்த்துக் கூறாது.

இப்படம் ஆசிரியத் தொழில் பூண்டோர் சிறப்பாகக் காணவேண்டியது. குழந்தை மைல்ஸின் வாயிலிருந்து உண்மையை வருவித்தே தீர்வேன் என்னும் அவள் உறுதி, அன்பிலே பிறந்ததெனினும் அவன் உயிருக்கே இறுதியாகின்றது. காக்க வேண்டிய இறையே அச்சத்தின் களனாகிவிட்டது. அணங்கு எது, இறை எது எனப் பிரித்தறிய இயலாத இந்நிலையே படத்தின் பெருந்திறமாகும்.

உருவத்தைக் காட்டுதலே குற்றமென்பது இதனாற் பெறப்படுமோ? அன்று. ஜாக் தூர்ணர் 1957 இல் எடுத்த ‘நைற் ஒவ் த டீமன்’ இதற்குச் சான்று பகரும். அமெரிக்க அறிஞர் ஒருவரின் ஐயவுணர்வு படிப்படியாகத் தளர்வதே அதன் கதை. ஆனால் தயாரிப்பாளரின் வற்புறுத்தலாற் பூதத்தின் உருவம் படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. அறிஞர் ஐயுறும்போது காண்போர்க்கு ஐயமில்லை. அதனாற் கதையின் நடுவச்சு தளர்ந்தது. குற்றம் காட்டியதிலன்று, காட்டிய இடத்திலேயே உள்ளது. மிசோகுச்சியும் தம் பேயைத் தெளிவாகவே காட்டினார் என்பதை மறத்தலாகாது.

வில்லியம் பிறீட்கின் 1973 இல் ஆக்கிய ‘த எக்சோசிஸ்ற்’ காட்சியமைப்பின் எல்லைக்கே சென்ற படம். அதன் அருவருப்பான காட்சிகளே பெரும்பாலோர் நினைவில் நிற்கின்றன. எனினும் அப்படம் நிலைத்தமைக்குக் காரணம் வேறு. பேயோட்டச் செல்லும் இளங்குருவாகிய கராஸ், வறிய தாயை உடனிருந்து பேணாது தனிமையில் இறக்கவிட்டவர். பூதம் அவரைத் தாக்குவது வலிமையாலன்று, தாயின் குரலாலேயே. இருக்கைகளை எறிந்தும் தலையைத் திருப்பியும் செய்யவியலாததை அக்குரல் செய்துவிடுகின்றது. அருவருப்பை நீக்கி நோக்கின், எலினோர் கேட்ட தட்டோசையும் இக்குரலும் ஒன்றேயென்பது விளங்கும்.

இவ்வகைப் படங்களைப் புதிதாகக் காணப்புகுவோர் ‘உகெத்சு’விலே தொடங்குதல் நன்று. அதன்பின் ‘குவைதானை’ இரண்டு அமர்வுகளாகப் பகுத்துக் காணலாம்; அது மூன்று மணி நேர அளவினது. பின்னர் ‘த ஹோண்டிங்’, ‘த இன்னொசன்ற்ஸ்’ ஆகியவற்றை இரவில், உரையாடலின்றிக் காணல் வேண்டும். ஓசையே அவற்றின் உயிர். தூர்ணரின் படத்தைக் குறையோடும் காணலாம். சிறுவர் விழாவிலே சூனியக்காரன் சூறைக்காற்றை எழுப்பும் காட்சி ஒன்றே அதற்குப் போதிய காரணமாகும். பிறீட்கினின் படம் முதிர்ந்தோர்க்கே உரியது. மாணவர்க்குப் பரிந்துரைத்தல் தகாது.

பேய் உண்டோ இல்லையோ என்னும் வினா இப்படங்களை மதிப்பிடுதற்கு வேண்டுவதன்று. நம்பாதவனும் மியாகியின் அடுப்பங்கரையிலே கலங்குவான். அழைத்த குரலுக்குச் செல்லாதிருந்த இரவு ஒன்று பெரும்பாலும் எவர் வாழ்விலும் இருக்கும். சிறந்த பேய்ப்படம் அவ்விரவை நினைப்பூட்டுகின்றது. படம் முடிந்ததும் விளக்கைத் தேடாது, வீட்டிலே காத்திருப்போரை ஒருவன் நினைப்பானாயின், அப்படம் அச்சத்தின் பயனை முற்றும் எய்திற்று எனலாம்.