அரசகுமரியின் ஒருநாள் விடுதலை

அரண்மனைக்குள் இருப்போர் வெளியுலகை எண்ணி ஏங்குவதும், வெளியே நிற்போர் அரண்மனையை எண்ணி ஏங்குவதும் மனித இயல்பு. இவ்விரு ஏக்கங்களையும் ஒருங்கே விற்றுப் பொருளீட்டியது ஹாலிவுட். 1943-இல் வந்த 'பிரின்சஸ் ஓ'ரூர்க்', 1956-இல் வந்த 'தி ஸ்வான்' போன்ற அரசகுலக் காதற் கதைகள் பல. அவற்றுள் காலத்தை வென்று நிற்பது, வில்லியம் வைலர் இயக்கிய 'ரோமன் ஹாலிடே' (1953). அதன் கவர்ச்சி எதில் அடங்கியுள்ளது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பெயர் குறிப்பிடப்படாத ஒரு நாட்டின் இளவரசி ஆன், நல்லெண்ணப் பயணமாக ரோம் நகருக்கு வருகிறாள். வரவேற்பின்போது, வரிசையாக வரும் பெருமக்களை வணங்கி நிற்கையில், நீண்ட ஆடைக்குள் நொந்த காலைச் சற்றே காலணியிலிருந்து எடுக்கிறாள். காலணி உருண்டு விடுகிறது. முடியின் பாரத்தை இதைவிட நயமாகக் காட்ட இயலுமா? அன்றிரவே அவள் தப்புகிறாள். ஜோ என்னும் அமெரிக்க நிருபன் அவளைக் கண்டெடுத்து, அவள் யார் எனத் தெரிந்தபின், தெரியாதவன்போல் நடித்துச் செய்தி திரட்டுகிறான். அச்செய்தியின் விலை ஐயாயிரம் டாலர்.

விடுதலை பெற்ற இளவரசி செய்வதென்ன? முடியைக் கத்தரித்துக்கொள்கிறாள், படிக்கட்டில் அமர்ந்து ஐஸ்கிரீம் உண்கிறாள், ஸ்கூட்டரில் ஊர் சுற்றுகிறாள். இவை நமக்கு நாள்தோறும் கிட்டுபவை. நம் எளிய வாழ்வை ஓர் அரசகுமரி வியந்து நோக்கும்போது, நாமும் அதனைப் புதிதாகக் காண்கிறோம். ஆட்ரி ஹெப்பர்னின் வியப்பு நிறைந்த முகமே இதற்குத் துணை நின்றது. அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்ததும் தகுதியே.

எனினும், படத்தின் உயிர் தப்பியோடுதலில் இல்லை. திரும்பி வருதலில் உள்ளது. கடமையை நினைவூட்டும் தூதரிடம், கடமையை உணராதிருந்தால் தான் திரும்பியே இருக்கமாட்டேன் என்கிறாள் ஆன். முதல்நாள் பிறர் ஏற்றிய சுமையை மறுநாள் அவளே விரும்பி ஏற்கிறாள். அவ்வாறே ஜோவும் செய்தியை விற்காது விடுகிறான். நண்பன் எடுத்த நிழற்படங்கள் அவள் கையிலேயே சேர்கின்றன.

இம்மௌனத்திற்கு வேறொரு பொருளும் உண்டு. கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ. 1947-இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்து, 1950-இல் சிறை சென்றவர். அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால், நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டரின் பெயரே திரையில் வந்தது. கதைக்கான ஆஸ்காரும் அவருக்கே சென்றது. நண்பரைக் காட்டிக்கொடுத்துப் பிழைப்போர் மலிந்த காலத்தில், காட்டிக்கொடுக்க மறுக்கும் ஒருவனைக் கதைத்தலைவனாக்கியது தற்செயல் என எண்ணத் தோன்றவில்லை. ட்ரம்போ 1976-இல் மறைந்தார். அவருக்குரிய ஆஸ்கார் 1993-இல்தான் வழங்கப்பெற்றது.

குறையும் இல்லாமலில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன ரோமில் வறுமை கண்ணிற் படவில்லை. அதே நகரில் டி சிக்கா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' காட்டிய தெருக்கள் வேறு. வைலரின் ரோம் விருந்தினர் காணும் ரோம். இத்தாலியர் அதில் பெரும்பாலும் சிரிப்பூட்டவே வருகின்றனர். ஜோவின் வஞ்சகமும் எளிதில் மன்னிக்கப்படுகிறது.

ஆயினும் அவ்விறுதிக் காட்சி அனைத்தையும் ஈடுசெய்கிறது. எல்லோரும் சென்றபின், வெறிச்சோடிய மண்டபத்தில் ஜோ தனியே நடந்து வெளியேறுகிறான். திருமணத்தில் முடிந்திருந்தால் அது மற்றுமொரு படமாகியிருக்கும். பிரிவில் முடிந்ததால், இருவரும் தத்தம் சொல்லைக் காத்தவர்களாய் நம் நெஞ்சில் நிலைத்து நிற்கின்றனர்.