ஆய்வின் படிநிலைகளும் வீரயுகக் கவிதையும்

பொருளைத் தெரிதல், கருதுகோள் அமைத்தல், தரவு திரட்டல், பகுத்தாய்தல், முடிவு கூறல் என ஆய்வின் படிநிலைகளை நாம் வரிசைப்படுத்திக் கற்கின்றோம். ஆய்வேட்டின் இயல்களும் அவ்வரிசையிலேயே அமைகின்றன. எனினும், ஆய்வு எழுதப்படும் ஒழுங்கும் அது நடைபெறும் ஒழுங்கும் ஒன்றல்ல. வாய்மொழிக் காவியம் பற்றிய மில்மன் பரியின் ஆய்வு இதனை நன்கு உணர்த்துகின்றது.

1928 இல் பாரிசிற் சமர்ப்பித்த ஆய்வேட்டில், ஹோமர் காவியங்களில் மீண்டும் மீண்டும் வரும் அடைமொழிகளைப் பரி யாப்போடு பொருத்தி நோக்கினார். அவை தனியொரு புலவனின் ஆக்கமல்ல, மரபின் உடைமை என்பதே அன்று அவர் கண்ட முடிவு. அம்மரபு வாய்மொழி மரபாதல் வேண்டும் என்ற கருத்து பின்னரே உருப்பெற்றது. பிரதியை மட்டும் கொண்டு அதனை நிறுவுதல் அரிது. ஆதலின் 1933 இலும் 1934–35 இலும் அவர் யூகோசிலாவியப் பாடகரை நாடிச் சென்றார். எழுத்தறியாத அவ்தோ மெஜெதோவிச் என்பவரிடமிருந்து 12,000 அடிகளுக்கு மேற்பட்ட காவியமொன்று பதிவு செய்யப்பட்டது. பரி 1935 இல் மறைந்தார். அவருடைய உதவியாளராயிருந்த அல்பேட் லோட் 1960 இல் வெளியிட்ட நூலே அவ்வாய்வின் விரிந்த பயனாகும். இங்கு ஒரு கட்டத்தின் முடிவு அடுத்த கட்டத்தின் வினாவாயிற்று.

இம்முறையியலைச் சங்க இலக்கியத்திற் பிரயோகித்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் அவர் மேற்கொண்ட கலாநிதிப் பட்ட ஆய்வு, 1968 இல் ஒக்ஸ்போர்டில் நூலாகியது. சங்கப் பாடல்களைக் கிரேக்க, கெல்ற்றிய வீரயுகப் பாடல்களோடு ஒருங்குவைத்து நோக்கியமை அதன் நிலைத்த சாதனை. ஆயினும் ஓரிடத்தில் ஐயம் எழுகின்றது. திரும்பவரும் தொடர்கள் வாய்மொழி ஆக்கத்தைக் காட்டலாம். வாய்மொழி மரபைப் பின்பற்றி எழுதிய கற்றறிந்த புலவரும் அத்தொடர்களைக் கையாண்டிருக்கலாம். இவ்விரண்டனையும் பிரித்தறியும் சோதனை யாது? பரிக்குக் களம் இருந்தது. சங்கப் பாணர் இன்றில்லை. 1975 இல் ஜோர்ஜ் ஹார்ட், அப்பாடல்கள் பாணர் மரபை முன்மாதிரியாகக் கொண்ட புலவர் ஆக்கங்கள் என வாதிட்டது இவ்விடைவெளியிலிருந்தேயாகும்.

இது கைலாசபதியின் தகைமையைக் குறைப்பதன்று. மறுக்கத்தக்க தெளிவோடு ஒரு கருதுகோளை முன்வைத்தலும் பெரும் பணியே. நாம் அஞ்சவேண்டியது வேறொன்று. பிறிதோரிடத்திற் சோதிக்கப்பட்ட கோட்பாட்டை முதலாம் இயலில் விளக்கி, அதற்கு இசைந்த மேற்கோள்களைப் பின்வரும் இயல்களில் நிரப்பினால் ஆய்வேடு முற்றுப்பெறும், ஆய்வு தொடங்கியிராது. தன் கருதுகோளைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்று எதுவென்று மாணவன் தன்னையே வினவும் நாளிலேயே ஆய்வின் முதற்படி அமைகின்றது.