மிஷனெரிக் கூடை: 'ஷர்லி' நாவல் பற்றி ஒரு திறனாய்வு

ஆங்கில நாவல்களில் திருச்சபை வாழ்க்கை எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என்று ஆராய்ந்து வந்த நம் மாணவர் சிலர், சார்லட் பிரான்ட்டே அம்மையாரின் 'ஷர்லி' என்னும் நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டி வாய்விட்டுச் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பின்னரே ஒரு காரியம் மனத்தில் தைத்தது. அந்தப் பரிகாசம் யாரைத் தொடுகிறதோ அவர்களுடைய சந்ததியாரில் நாமும் இருக்கிறோம். அச்சிரிப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதையே இங்கே ஆராய விரும்புகிறோம்.

'ஷர்லி' 1849ஆம் ஆண்டில் கர்ரர் பெல் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. ஆசிரியை ஒரு குருவானவரின் மகள். ஹாவர்த் என்னும் ஊரின் குருமனையில் வளர்ந்தவர். ஆகவே சபைச் சங்கங்களையும் தேநீர் விருந்துகளையும் உள்ளே இருந்து கண்டறிந்தவர். கதை 1811, 1812ஆம் ஆண்டுகளில் யார்க்ஷயர் நாட்டில் நிகழ்கிறது. நெப்போலியனோடு நடந்த போரினால் கம்பளி வியாபாரம் முடங்கிக் கிடக்கிறது. புதிய இயந்திரங்களால் வேலையிழந்த தொழிலாளர் அவற்றை உடைக்கிறார்கள். இந்தக் கலவரத்தின் நடுவே, குருவானவராகிய ஹெல்ஸ்டனின் வீட்டில் அவருடைய சகோதரன் மகள் கரோலின் வளர்ந்து வருகிறாள். ஏழாம் அதிகாரத்தில், குருமனைக்கு விருந்தினர் வரும் இடத்தில், ஆசிரியை கதையைச் சற்று நிறுத்தி, 'யூதர் கூடை' அல்லது 'மிஷனெரிக் கூடை' என்பது இன்னது என்று விளக்கப் புகுகிறார்.

அழுக்குத் துணி போடும் கூடை அளவுள்ள பெரியதொரு கூடை. அதில் ஊசி குத்தும் திண்டுகள், தையற்பைகள், குழந்தைச் சட்டைகள் முதலியவை நிறைந்திருக்கும். இவற்றைச் சபையின் பெண்மணிகள், சிலர் விருப்பத்தோடும் சிலர் வேண்டாவெறுப்போடும், தைத்துக் கொடுத்தவர்கள். சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொருத்தியும் தன் முறை வரும்போது ஒரு மாதம் கூடையைத் தன் வீட்டில் வைத்திருந்து, அதற்காகத் தைத்து, அதிலுள்ளதை வீட்டுக்கு வரும் ஆடவரின் தலையில் கட்ட வேண்டும். அடக்க விலைக்குப் பன்மடங்கு அதிகமான விலை. வாங்குகிறவருக்கோ அப்பொருளால் யாதொரு பயனும் இல்லை. சேர்ந்த பணம் யூதரை மனந்திருப்பவும், காணாமற்போன பத்துக் கோத்திரங்களைத் தேடவும், உலகெங்குமுள்ள நிறமுள்ள ஜனங்களைச் சீர்திருத்தவும் செல்லும். சாமர்த்தியசாலிகளான பெண்கள் தம் முறையை ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். கூச்சமுள்ளவர்களோ கூடை வாசலில் வந்து இறங்கினால் நடுங்குவார்கள்.

பிரான்ட்டே அம்மையாரின் குற்றச்சாட்டு சரியானதே. கொடுக்க மனமில்லாதவனிடம், வேண்டாத பொருளைக் காட்டி, வெட்கத்தைக் கருவியாக்கிப் பணம் பறிப்பது காணிக்கை ஆகாது. இதை நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் என்ன விலைக்குப் போகும் என்பதை நாம் அறிவோம். ஏலம் கேட்கிறவர் மகிழ்ச்சியோடுதான் கேட்கிறார் என்று சொல்லிக்கொள்கிறோம். பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்திருப்பவரை நாம் கேட்டதில்லை. இதற்கு மாறாக, சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் இட்ட நம் தாய்மாரின் பிடியரிசிக் காணிக்கையில் வெட்கப்படுத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை. வீணான பொருளும் இல்லை.

ஆனால் இந்தப் பகுதியை வெறும் நகைச்சுவையாக வாசிப்பது ஆசிரியைக்கு நாம் செய்யும் அநியாயம். இருபத்திரண்டாம் அதிகாரத்தைப் படித்தபின் மறுபடியும் இதற்குத் திரும்ப வேண்டும். அங்கே கரோலின், தையலும் சமையலும் தவிர வேறொன்றுக்கும் அனுமதிக்கப்படாத நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின் வாழ்நாள் எவ்வாறு வாடிப்போகிறது என்று சிந்தித்து, இங்கிலாந்தின் ஆடவரை நோக்கி நியாயம் கேட்கிறாள். அவளே ஆசிரியை வேலைக்குப் போக விரும்பியும் பெரிய தகப்பன் இடங்கொடுக்கவில்லை. இந்த ஒளியில் பார்த்தால், கூடையை ஆவலோடு எதிர்பார்த்த அந்தச் சாமர்த்தியசாலிகள் யார்? வேறெங்கும் வியாபாரம் செய்ய வழியற்ற பெண்கள். ஆலைக்காரரோடு பேரம் பேசி வெல்லக்கூடிய அறிவு அவர்களுக்கு இருந்தது; அந்த அறிவுக்குச் சமுதாயம் திறந்து வைத்த ஒரே கடை இந்தக் கூடைதான். இங்கிலாந்தில் மணமான பெண் தான் சம்பாதித்ததைத் தனதென்று சொல்லச் சட்டம் இடங்கொடுத்தது 1870இல்தான் என்பதையும் மறக்கலாகாது. அவர்கள் செலவிட்ட மாதங்களுக்கு விலை போடப்படவில்லை. நூலுக்கும் துணிக்கும் கணக்கு உண்டு, விரல்களுக்குக் கணக்கில்லை. நாவலின் உண்மையான கோபம் இங்கேதான் இருக்கிறது என்பது நமது எண்ணம்.

நிற்க. நாவல் காணத் தவறியது ஒன்று உண்டு. கூடையில் சேர்ந்த பணம் எங்கே போயிற்று, அதனால் விளைந்தது என்ன என்று அது கேட்பதில்லை. தூரதேசத்து மக்கள் ஒரு வாக்கியத்தின் வாலில் வேடிக்கையாக வந்து மறைகிறார்கள். கதை நிகழும் அதே ஆண்டுகளில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் தென் திருவிதாங்கூரில் மயிலாடியைத் தலைமையிடமாகக் கொண்டு உழைத்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் சாதாரண விசுவாசிகள் கொடுத்த காசுகளால் தாங்கப்பட்ட சங்கம் அது. ஆசிரியை ஒரு சொல்லில் அடக்கிய அந்த நிறமுள்ள ஜனங்களுக்கு ஊரும் பேரும் இருந்தன.

சார்லஸ் டிக்கன்ஸும் இதே குறையுடையவர். 'பிளீக் ஹவுஸ்' (1852–53) நாவலில் திருமதி ஜெல்லிபி நைஜர் நதிக்கரையிலுள்ள கற்பனைக் கிராமம் ஒன்றுக்காக இரவும் பகலும் கடிதம் எழுதுகிறாள். அவள் பிள்ளைகளோ படிக்கட்டில் உருண்டு விழுகிறார்கள். தெருப் பெருக்கும் அநாதைச் சிறுவன் ஜோ, எஸ்.பி.ஜி. சங்கத்தின் வாசற்படியில் உட்கார்ந்து, அது என்ன கட்டடம் என்று அறியாமலே தன் ரொட்டியைத் தின்கிறான். மறக்க முடியாத காட்சி. எனினும் அக்காட்சி எழுதப்பட்ட காலத்தில் அதே எஸ்.பி.ஜி. சங்கத்தின் இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்துக்கொண்டிருந்தார் என்பதை டிக்கன்ஸின் வாசகர் அறிய வழியில்லை.

அந்தத் தொழிலின் வரலாற்றை நாவலின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நலம். எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் அம்மையார் 1819இல் கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்து, பெண்கள் விடுதிப் பள்ளியை நடத்தினார். சில ஆண்டுகளுக்குள் அங்கே லேஸ் வேலையைத் தொடங்கினார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுட்பமான வேலை. அது இந்தியாவிலிருந்த ஐரோப்பியரிடமும் இங்கிலாந்திலும் விற்கப்பட்டது. இலாபம் பள்ளியைத் தாங்கியது; பின்னியவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான்.

இங்கே கூடை தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டிருக்கிறது. யார்க்ஷயர் அம்மாள் தன் உழைப்பை இலவசமாகத் தந்து, பயனற்ற பொருளைச் செய்து, தான் காணாத ஒருத்திக்காகப் பணம் சேர்த்தாள். நாகர்கோவில் பெண் தன் உழைப்பை விலைக்குத் தந்தாள். அவள் பின்னியதை வாங்கியவள் விரும்பி அணிந்தாள்.

ஆயினும் இதைப் புகழ்ந்து மட்டும் பேசுவதற்கில்லை. 1820களிலிருந்து 1859 வரை தோள்சீலைக் கலகம் மூண்டு அடங்கி மறுபடியும் மூண்ட காலம் அது. இலண்டன் சீமாட்டிகளின் உடையை அலங்கரிக்க லேஸ் பின்னிய கைகளுக்குரியவர்களில் பலர், தங்கள் மார்பை மூடும் உரிமைக்காகச் சந்தையிலும் தெருவிலும் அடிபட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். விலையைத் தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர். கணக்குப் புத்தகமும் அவர்கள் கையில் இல்லை. அதை நிர்வகித்த மிஷனெரி மனைவியருக்கும் சங்கத்தின் பட்டியலில் மிஷனெரி என்ற பெயரில்லை, சம்பளமும் இல்லை. மால்ட் அம்மையார் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார். விரல்களுக்குக் கணக்கில்லை என்று நாம் மேலே சொன்னது கடலின் இருகரைக்கும் பொருந்தும்.

பிற்காலத்தில் இம்முறை வேறொரு வடிவில் தோன்றியது. 1946இல் மெனொனைட் சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்னும் அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோ தீவுக்குச் சென்றபோது, அங்குள்ள ஏழைப் பெண்களின் தையல் வேலையைக் கண்டு, அதை வாங்கி வந்து தம் ஊரிலுள்ள சிநேகிதிகளுக்கு விற்றார். ஆரம்பத்தில் அவருடைய காரே கடை. சங்கப் பெண்கள் தாங்களே தைத்து விற்பதற்குப் பதிலாக, மற்றவர் தைத்ததை விற்க முன்வந்தார்கள். தங்கள் நேரத்தை இலவசமாகக் கொடுத்தார்கள், பின்னியவளின் நேரத்துக்கு விலை கொடுத்தார்கள். அச்சிறு முயற்சி பெரிய நிறுவனமாக வளர்ந்து 1996இல் 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' என்னும் பெயரைப் பெற்றது. பிரான்ட்டே அம்மையார் இதைக் கண்டிருந்தால் அவ்வளவு எளிதாகச் சிரித்திருக்க மாட்டார் என்று கருதுகிறோம்.

இத்தகைய சங்கங்கள் பல, அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் தொற்காளின் பெயரைத் தாங்கி நடந்தன. யோப்பா பட்டணத்தின் மேல்வீட்டறையில் விதவைகள் தாங்களே நின்று, அவள் தங்களோடிருந்தபோது செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காண்பிக்கிறார்கள். பெற்றுக்கொண்டவர்கள் அந்த அறையில் இருக்கிறார்கள். சாட்சி சொல்கிறவர்களும் அவர்களே. 'ஷர்லி'யில் இதற்குச் சற்று நெருங்கி வருகிறவள் மிஸ் எய்ன்லி என்னும் வயதான கன்னிகை. பஞ்சகாலத்தில் ஷர்லி உள்ளூர் ஏழைகளுக்குப் பணம் கொடுக்க முன்வரும்போது, எந்த வீட்டில் என்ன குறை என்று நடந்து நடந்து அறிந்திருந்த எய்ன்லியே திட்டத்தை வகுக்கிறாள். குருமார் மூவரும் உணவருந்திவிட்டு அதற்கு ஒப்புதல் அளிக்கிறார்கள். கூடையைக் கேலி செய்த அதே எழுதுகோல் இந்தக் கிழவியை ஆழ்ந்த மரியாதையோடு தீட்டுகிறது. ஆனால் எய்ன்லி நடந்து செல்லக்கூடிய தூரத்தோடு அவள் வழியும் முடிந்துவிடுகிறது. கடலுக்கு அப்பாலுள்ள வீட்டின் குறையை அவள் எவ்வாறு அறிவாள் என்பதற்கு நாவலில் விடையில்லை.

நம் மாணவர் இனி அந்த ஏழாம் அதிகாரத்தை வகுப்பில் எடுக்கும்போது, நாகர்கோவில் லேஸ் பள்ளியின் வரலாற்றையும் உடன் வைத்துக்கொண்டு வாசிக்கும்படி கேட்டிருக்கிறோம். சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.