சேற்றுக் கோட்டில் பாடிய காடு

பெருவிலிருந்து திரும்பிப் பல நாளாகிறது, இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கண்ணில் படுகிறவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து அங்கே பார்த்த ஒரு துணியைப் பற்றியே பேசுகிறேன். இன்று நீங்கள் அகப்பட்டீர்கள், முழுசாகக் கேட்டே ஆகவேண்டும்!

அமேசான் காட்டில், புகல்பா நகரை ஒட்டி யாரினகோச்சா என்று ஓர் ஏரி. அதில் ஓடும் மோட்டார் படகுக்கு அதன் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள்: பெக்கே-பெக்கே! அதிலேறி சான் ஃபிரான்சிஸ்கோ என்ற ஷிபிபோ மக்களின் கிராமத்தில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன், அப்படியே நின்றுவிட்டேன். கொடியில் செங்கல் நிறத்தில் ஒரு துணி. அதன்மேல் கன்னங்கரேலென்று கோடுகள், வளைந்து, மடங்கி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கண் தேடித் தேடித் தொலைந்துபோகிறது. இதுதான் கேனே. ரோனின் என்ற மாபெரும் அனகோண்டாவின் தோலிலிருந்து வந்த கோலங்கள் என்கிறார்கள்.

ஒரு பாட்டி தரையில் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். மஹோகனி மரப்பட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் பருத்தித் துணியை முக்கி முக்கி வெயிலில் காயப்போட்டு அந்த நிறம் ஏற்றுகிறார்கள். பிறகு ஒரு சிறு குச்சியில் சேற்றைத் தொட்டுக் கோடு. ஆமாம், வெறும் சேறு! அளவுகோல் இல்லை, மாதிரிப் படம் இல்லை, அழித்து எழுதுவதும் இல்லை, கோலம் போடும் நம் அம்மாக்களின் கை மாதிரி அந்தக் கை பாட்டுக்கு ஓடுகிறது. காய்ந்ததும் துணியை அலசினார் பாருங்கள், சாம்பல் சேறெல்லாம் கரைந்து ஓட, அடியில் கறுப்புக் கோடு மட்டும் பளிச்சென்று நின்றது! நான் சின்னப் பிள்ளையாகக் கைதட்டிவிட்டேன். சேற்றிலுள்ள இரும்பும் பட்டையின் துவர்ப்பும் சேர்ந்து கறுப்பாகின்றன. நம்மூர்க் கலம்காரியில் கடுக்காயும் இரும்பும் செய்கிற அதே வித்தைதான்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் கோடுகள் வெறும் அலங்காரம் இல்லை, மருந்து! கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்: நடுக்காட்டு இருட்டு, சுற்றிலும் பூச்சிகளின் இரைச்சல், நோயாளி படுத்திருக்கிறார், வைத்தியர் அயவாஸ்கா கொடியின் கஷாயத்தைக் குடித்துவிட்டு இக்காரோ என்ற பாட்டைப் பாடத் தொடங்குகிறார், அந்தப் பாட்டே கோலமாகி நோயாளியின் உடம்பில் இறங்கி, கலைந்துகிடக்கும் உள்கோலத்தைச் சீராக்குகிறது என்பது ஷிபிபோக்களின் நம்பிக்கை. பாட்டுதான் கோடு, கோடுதான் பாட்டு! பெண்குழந்தைக்குக் கோலம் கண்ணில் தெரியவேண்டுமென்று பிரிப்பிரி என்ற கோரைச் செடியின் சாற்றைப் பாட்டிமார் கண்ணில் விடும் வழக்கமும் இருக்கிறது, நம் சித்த வைத்தியத்தின் கோரைக்கிழங்குக்கு அது பங்காளி! இதையெல்லாம் நான் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாட்டி விரலைத் துணியில் வைத்தார், கோட்டின் வழியே மெல்ல நகர்த்தினார், நகர்த்திக்கொண்டே மெல்லிய குரலில் பாடினார், கோடு வளைந்த இடத்தில் குரலும் வளைந்தது, கோடு மடங்கிய இடத்தில் குரல் ஒரு கணம் நின்று திரும்பியது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்க் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் அந்தக் காடே என் முன்னால் உட்கார்ந்து பாடியதுபோல் இருந்தது.

துணியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டுதான் படகேறினேன். குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால், சில நாள் பெட்டியில் சேற்று வாசம் அடித்தது. அதுவும் எனக்குப் பிடித்தே இருந்தது!

கேனேயை 2008-இல் பெரு அரசு தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அந்தக் காட்டுக் கிராமம்வரை போகமுடியாதவர்கள் தலைநகர் லிமாவுக்குப் போனாலும் போதும், அங்கே கான்டகாயோ பகுதியில் ஷிபிபோ குடும்பங்கள் வாழ்கின்றன. அச்சடித்த போலியைக் கடையில் வாங்காதீர்கள், வரைந்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். வாங்கியதும் கிளம்பிவிடாமல், கோட்டை ஒருமுறை பாடிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள்.