பத்து நொடி வாசகன்

1967இல் ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்து, அந்த இடத்தில் வாசகனை வைத்தார். அந்த வாசகனை விமர்சகர்கள் நாம் தேடி முடிப்பதற்குள் இணையதளங்களின் வருகைக் கணக்கு அவனைக் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்தது என்பதைவிடக் கட்டமைத்துவிட்டது என்பதே சரி.

எப்படி? கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் இயல்பான அமைப்பில், ஒரு பக்கம் திறந்ததற்கும் அடுத்தது திறந்ததற்கும் இடைப்பட்டதுதான் வாசிப்பு நேரம். அடுத்த பக்கமே திறக்காதவனுக்கு? பூஜ்யம். நீண்ட சிறுகதையொன்றை இருபது நிமிடம் ஊன்றிப் படித்து, வேறெதையும் தொடாமல் மூடிவிட்டுப் போனவனும், தப்பாக வந்து உடனே ஓடியவனும் அங்கே ஒன்றுதான். இருவருக்கும் பெயர் 'பவுன்ஸ்'. செக் பவுன்ஸ் ஆச்சுன்னு சொல்றோமே, அதே சொல். தேடியது கிடைக்காமல் ஆறு பக்கம் அலைந்தவனோ இக்கணக்கில் நல்ல வாசகன்.

2023 ஜூலை 1இல் அந்த முறை ஓய்ந்தது. அதன் இடத்தில் வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் வருகை 10 நொடியைத் தாண்டினால், அல்லது இரண்டு பக்கம் பார்த்தால், அல்லது தளக்காரர் முக்கியமெனக் குறித்துவைத்த செயலைச் செய்தால், அது 'ஈடுபாடு'. இவற்றில் எதுவும் இல்லாததே இப்போது பவுன்ஸ். அதே வாசகன், அதே வாசிப்பு. நேற்று ஃபெயில், இன்று பாஸ். அந்த 10 நொடியையும் தளக்காரர் 60 வரை உயர்த்திக்கொள்ளலாம். ஆக, இங்கே ஈடுபாடு என்பது வாசகனுக்குள் நிகழ்வதல்ல. வரையறுக்கும் அதிகாரத்திற்குள் நிகழ்வது.

கடைக்கு இந்தக் கணக்கு தேவைதான். வந்தவர் பில் போடும் இடம்வரை போனாரா என்று கடைக்காரருக்குத் தெரியணும். சிக்கல், கணக்கு பிரதிக்குள் திரும்பிவந்து அதை எழுதத் தொடங்கும்போதுதான். ஒரே மூச்சில் படிக்கவேண்டிய கட்டுரையை ஐந்தாக நறுக்கி 'அடுத்த பக்கம்' போட்டால் எண் ஏறுகிறது. வெட்டு எங்கே விழும் என்பதை வாதத்தின் போக்கு தீர்மானிப்பதில்லை.

எண்ணே தீட்டு என்பதும் பாசாங்கு. முந்நூறு பிரதி போதும் என்ற சிறுபத்திரிகைப் பெருமிதமும் ஓர் எண்ணின் மேல் நின்றதுதானே. எண்ணையும் ஒரு பிரதியாகவே படிப்போம்: யார் வரையறுத்தது, எதை விட்டுவிட்டது என்று கேட்டு. எட்டாவது நொடியில் ஒரு கவிதை வரி சுட்டு, பக்கத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவன் இந்தக் கணக்கின் எந்தக் கட்டத்தில் வருவான்?